இடம்பெயர்ந்த மாதா

கஷ்டம் எண்டு வந்தால் எங்கட சனத்தின் வாயில முதலில் வாறது "மடு மாதாவே" எண்டதுதான். அந்த மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவதான். 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்க, குருமார் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில்தான் திரும்பி வந்தா.

அதுக்கு முதலே, 1990களில் ஆயிரக்கணக்கான சனம் அந்தக் கோயில் வளவுக்குள் தஞ்சமடைந்து இருந்தது. 1999 நவம்பரில் அங்கேயே ஷெல் விழுந்து பலர் செத்தார்கள். "மாதா ஏன் காப்பாற்றேல்லை?" எண்டு கேட்டால் எங்களிட்டைப் பதில் இல்லை. ஆனால் அப்படிக் கேட்கிறது விசுவாசக் குறைவும் இல்லை. ஏன் கைவிட்டீர் எண்டு சிலுவையில் இயேசுவே கேட்டவர்.

சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் அவர் மூன்று தரம் விழுகிறார். ஐந்தாம் நிலையில் சீமோனின் தோளும் சேருது. ஒவ்வொரு தவக்காலமும் அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் படித்தது ஒன்றுதான்: தாங்குறவரும் விழுவார், எழும்பி நடக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேணும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தெருவோரம் இருக்கிற அம்மாமாருக்குப் பக்கத்தில் நாங்கள் போய்க் குந்துவதும் செபம்தான்.