பொறி பிறக்கும் நேரம்

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியல் கற்பித்தார்கள், இறையியல் கற்பித்தார்கள், இலத்தீனும் ஓரளவு கற்பித்தார்கள். ஆனால் கிராமப் பங்கில் பணியாற்றும் குருவுக்கு இன்றியமையாத ஒரு கல்வியை அங்கே எவரும் கற்பிக்கவில்லை. நடுவழியில் நின்றுபோன இருசக்கர வண்டியை மீண்டும் கிளப்புவது எவ்வாறு என்பதே அது. அக்கல்வியை நான் பெற்றது சாலையோர மெக்கானிக்குகளிடம்தான். அவர்களிடம் கற்ற பாடம் ஒன்றை நம் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1972இல் லூனாவும் 1980இல் டிவிஎஸ் 50 வண்டியும் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தன. அதன்பின் சிற்றூர்களின் வாழ்வே மாறியது எனலாம். பால்காரரும், மீன் விற்பவரும், பள்ளி ஆசிரியரும் மொபெட்டில் ஏறினர். கிளைக் கிராமங்களுக்கு நடந்தே சென்றுவந்த உபதேசியார்களும் ஏறினர். எங்கள் உபதேசியாரிடமும் பழைய ஐம்பது சிசி மொபெட் ஒன்று உண்டு. முறையாகப் பதிவைப் புதுப்பித்து, பிள்ளையைப் போலப் பேணி வருகிறார்.

அத்தகைய பழைய வண்டிகளில் பொறி பிறக்கும் விதம் வியப்புக்குரியது. காந்தங்கள் பதித்த சக்கரம் ஒன்று கம்பிச் சுருளைச் சுற்றி வருகிறது. அதனால் மின்சாரம் உண்டாகிறது. மெக்கானிக்குகள் 'பிளாட்டினம்' என்று அழைக்கும் இரு சிறு முனைகள் ஒட்டி நின்று, உரிய கணத்தில் விலகுகின்றன. விலகும் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லி மீட்டர்தான். அந்தக் கணத்தில் மின்னோட்டம் அறுபடுகிறது. அறுபட்டதும் காயிலில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், இரு வீச்சு வண்டியில் வினாடிக்கு 50 முறை இது நிகழ வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அம்முனைகள் கருகிக் குழிவிழும். அவற்றைத் தள்ளும் சிறு கட்டையும் தேயும். பொறி மெலியும், பிறக்கும் நேரமும் பிந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாத அடைமழை நாளொன்றில், ஆறு கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்த கிளைக் கிராமத்திலிருந்து செய்தி வந்தது. மூதாட்டி ஒருவர் சாகக் கிடக்கிறார், சாமியார் உடனே வரவேண்டும் என்றார்கள். செம்மண் பாதை முழுதும் சேறு. கனமான வண்டி செல்லாது. மொபெட்டானால் ஓடையில் தூக்கியும் கடத்தலாம். உபதேசியார் மிதித்தார், மிதித்தார், வண்டி கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், இஞ்சின்மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தார், பொறி இல்லை. "கரன்ட் வரலை சாமி" என்றார். நற்கருணையையும் புனித எண்ணெயையும் எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தோம். ஆண்டவருடைய இரக்கத்தால் அம்மூதாட்டி நினைவோடு இருந்தார். நோயில் பூசுதலும் நற்கருணையும் பெற்றார். விடியுமுன் இறைவனடி சேர்ந்தார். இன்னும் ஓரிரு மணி நேரம் தாமதித்திருந்தால்? அக்கேள்வி உபதேசியாரைப் பல நாள் வாட்டியது.

செய்தியறிந்து வந்தவன் எங்கள் பங்கைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞன். படிப்பில் சில தாள்கள் தேறாமல் நின்றவன். எப்போதும் கையில் எண்ணெய்க் கறை. "வண்டியைப் பிரித்துப் போடத்தான் தெரியும், சேர்க்கத் தெரியாது" என்பது அவன் தந்தையின் ஓயாத குறை. அவன் என்னிடம், "பிளாட்டினத்தை எடுத்துட்டு சி.டி.ஐ. மாட்டிடலாம் சாமி, மழைக்கும் கவலையில்ல" என்றான். அதே வண்டியின் பிற்கால வகையில் இந்த மின்னணு அமைப்பே இருந்ததாம். அதன் காந்தச் சக்கரம், காயில் தகடு, சிறு பெட்டி, உயர் அழுத்தக் காயில் ஆகிய நான்கையும் ஒரு தொகுதியாக மாற்றவேண்டும். ஒன்றைவிட்டு ஒன்றை மாற்றினால் பொருந்தாது என்று விளக்கினான்.

பேருந்து நிலையத்தருகே பட்டறை வைத்திருக்கும் முதிய பாய் ஒருவரின் மேற்பார்வையில், ஞாயிறு பிற்பகலில் வேலை நடந்தது. நானும் முக்காலி போட்டு அமர்ந்து பார்த்தேன். புதிய அமைப்பில் உரசித் தேயும் முனைகளே இல்லை. கண்டென்சர் ஒன்றில் மின்சாரம் சேர்கிறது. சக்கரம் உரிய இடத்துக்கு வந்ததும் சிறு சுருள் ஒன்று சைகை தருகிறது. சேர்ந்திருந்தது அனைத்தும் ஒரே கணத்தில் பாய்கிறது. முன்பு மங்கிய செந்நிறமாய் இருந்த பொறி நீல நிறமாய்ப் பளிச்சிட்டது. ஓரிரு மிதியிலேயே வண்டி கிளம்பியது.

உபதேசியார் மகிழ்ந்து, "வண்டிக்குப் புது பலம் வந்துடுச்சே!" என்றார். பாய் தலையசைத்து மறுத்தார். "புது பலம் ஒண்ணும் இல்லீங்க. இழந்ததுதான் திரும்ப வந்திருக்கு." ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி நான் ஆற்றிய மறையுரைகளில் இத்துணைச் சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

இளைஞனின் ஆவல் அதோடு நிற்கவில்லை. "காயில் தகட்டைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கை முன்னால தள்ளினா வண்டி பறக்கும் பாய்!" என்றான். பாய் பதில் கூறாமல் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பிஸ்டனை எடுத்து அவன் கையில் வைத்தார். அதன் தலையில் ஓட்டை விழுந்திருந்தது. "இதுவும் பறந்த வண்டிதான் தம்பி" என்றார்.

பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே பொறி பிறக்க வேண்டும். எரிபொருள் எரிந்து முடியச் சிறிது நேரம் தேவையன்றோ? ஆனால் அளவுக்கு மீறி முந்தினால், மேலேறும் பிஸ்டனை எரிவாயு எதிர்த்து அறைகிறது, வெப்பம் மிகுகிறது, உலோகமே உருகுகிறது. பிந்தினாலோ வலிமை குன்றி, எரிபொருள் வீணாகிறது. மேலும், மெல்லிய டயரும் சிறு பிரேக்கும் கொண்ட வண்டியை அதன் தகுதிக்கு மேல் விரட்டினால், உடைவது இஞ்சின் மட்டுமா? சட்டமும் இதை அறிந்திருக்கிறது. உற்பத்தியாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவை அனைத்தையும் அவனுடைய தந்தை பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தகட்டைத் திருப்பாமல், குறியிட்ட இடத்திலேயே வைத்து முடுக்கியதையும் பார்த்தார். நான் அவரருகே சென்று, "பையன் நன்றாகச் செய்திருக்கிறான்" என்றேன். "ஆமாம் சாமி" என்றார். "என்னிடம் சொல்லி என்ன பயன்? அவனிடம் சொல்லுங்கள்" என்றேன். அவர் தயங்கி, பின் மகனிடம் சென்று, "என் வண்டியையும் ஒருநாள் பார்டா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவனுடைய முகம் மலர்ந்ததை நான் கண்டேன்.

பெற்றோரே, உங்கள் சொல்லும் ஒரு பொறியே. பிள்ளை பேசி முடிக்குமுன்னே சீறிப் பாயும் கண்டிப்பு, மேலேறி வருபவனை எதிர்த்து அறைகிறது. எத்தனையோ இளம் உள்ளங்களில் அவ்வாறு ஓட்டை விழுந்திருக்கிறது. பாராட்டையோ நாம் பெரும்பாலும் பிந்தியே தருகிறோம். சிலர் பிள்ளைகள் வீட்டைவிட்டுச் சென்றபின்தான் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் உரிய காலத்தைப் பற்றிச் சபை உரையாளர் மூன்றாம் அதிகாரத்தில் பேசுகிறார். பேசுவதற்கும் பேசாதிருப்பதற்கும் உரிய காலத்தையும் அவர் அங்கே மறக்கவில்லை. மாலைச் செபம் முடிந்தபின் அப்பகுதியைக் குடும்பமாக ஒருமுறை வாசியுங்கள்.

இளைஞரே, வேகத்தை விரும்புவது உங்கள் வயதின் இயல்பு. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அவ்வேகத்துக்குத் தாங்கும் உடலும், நிறுத்தும் பிரேக்கும் வேண்டும். பழுதானதைச் சீராக்க உங்கள் கைத்திறனைப் பயன்படுத்துங்கள். அக்கைகளில் படியும் எண்ணெய்க் கறையைக் குறித்து நீங்களும் வெட்கப்பட வேண்டாம். உங்கள் தந்தையரும் வெட்கப்பட வேண்டாம். நாசரேத்தூரில் நம் ஆண்டவரும் கைத்தொழில் செய்தே வளர்ந்தார்.