தேரைக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர்

தேரைக்கு நம்மவர் மத்தியில் நல்ல பெயர் கிடையாது. தேங்காயை உடைத்து உள்ளே பருப்பில்லாவிட்டால் தேரை மோந்தது என்போம். பிள்ளை மெலிந்து போனால் தேரை விழுந்தது என்போம். குளியலறைச் சுவரில் ஒன்று ஒட்டியிருந்தால் வீட்டுப் பெண்கள் உப்புப் போத்தலைத் தேடுவார்கள். இத்தனை பழியையும் சுமந்துகொண்டு அது பேசாமல் சுவரில் இருக்கும்.

அப்படியொரு தேரையைத்தான் என் பேரன் புத்தளத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்குக் கொண்டுவந்தான். ஜாம் போத்தலில் போட்டு, மூடியில் ஆணியால் மூன்று துளை இட்டிருந்தான். அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி வந்த பஸ்ஸில் வழிநெடுக அது அவன் மடியில் இருந்ததாம். மகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் லொறியில் வந்தன. அவனுடைய சாமான் இது ஒன்றுதான்.

ஒன்பது வயது. 1990 ஒக்டோபர் கடைசியில் நாங்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனபோது அவன் தாய் கைக்குழந்தை. யுத்தம் முடிந்து ஊருக்கு வரலாம் என்றானதும் நான் வந்துவிட்டேன். மகளுக்கு அங்கே வீடு, தொழில், பிள்ளைகளின் படிப்பு என்று வேர் விட்டுப் போயிருந்தது. வர இத்தனை காலம் எடுத்தது. எங்களுக்கு இது ஊருக்குத் திரும்புவது. அவனுக்கு ஊரை விட்டு வருவது. அந்தக் கிழமை அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. போத்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேரை எதையும் தின்னவில்லை. பாண் துண்டு போட்டான். சோறு போட்டான். செத்த கரப்பான் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டான். இரண்டாம் நாள் என்னிடம் வந்தான்.

"மூத்தவாப்பா, இது ஒண்டும் திங்குதில்ல. மௌத்தாப் போயிடுமா?"

நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். தவளையை அறுத்துக் காட்டியிருக்கிறேன், வளர்த்ததில்லை. ஆனாலும் அறுத்தவனுக்குத் தெரிந்த சில விடயங்கள் வளர்ப்பவனுக்கும் உதவும் என்று அன்று கண்டேன்.

முதலாவது, அது தவளை இனம் என்பதால் அசையாத எதுவும் அதற்கு உணவாகத் தோன்றாது. செத்த கரப்பானும் ஒரு கல்லும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டாவது, பசியால் அது உடனே சாகாது, பல நாள் தாங்கும். தண்ணீர் இல்லாவிட்டால்தான் தாங்காது. அதுவும் வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் பதித்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்பது அதற்குப் பெரிய காரியம். எங்கள் வளவுக் கிணறு சோளகக் காலத்தில் உவர்த்துப்போகும். உப்புத் தண்ணீரில் இருந்தால் உள்ளே இருக்கிற நீரும் தோல் வழியே வெளியே போய்விடும். உப்புப் போத்தல் வைத்தியத்தின் இரகசியமும் இதுதான். தேரை பயந்து ஓடுவதில்லை, தோல் எரிந்து ஓடுகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின். அதை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்துவிட்டு ஒரு சிரட்டையில் ஊற்றி வைத்தோம். தினமும் மாற்றுவது அவன் பொறுப்பு.

போத்தலிலிருந்து பழைய மீன் தொட்டி ஒன்றுக்கு அதை இடம் மாற்றினோம். அடியில் நனைத்த தும்புத்தூள், சாய்த்து வைத்த பூவரசங் கிளை, மேலே நுளம்பு வலைத் துண்டு. மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே பத்திரிகைத் தாளை ஒட்டினேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. தாள் ஒட்டினால் எப்படிப் பார்ப்பது என்றான். பார்க்காமல் இருப்பதற்குத்தான் ஒட்டுகிறேன் என்றேன். கையால் தூக்கக் கூடாது, தொட்டியைத் தட்டக் கூடாது, தொலைக்காட்சிப் பக்கம் வைக்கக் கூடாது. மூன்று நாளைக்கு அது இருக்கிறதென்பதையே மறந்துவிட வேண்டும்.

இதைச் சொல்லும்போது எனக்கு உம்மாவின் ஞாபகம் வந்தது. கற்பிட்டியில் நாங்கள் கரையேறியபோது அங்குள்ள சனங்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்வானாக. உம்மா தின்னவில்லை. எல்லோரும் சுற்றி நின்று கெஞ்சக் கெஞ்ச வாயை இறுக்கிக்கொண்டார். நான்காம் நாள் அவ்வூர்ப் பெண் ஒருத்தி பழைய சாரியொன்றைக் கொண்டுவந்து மூலையில் மறைப்புக் கட்டி, உள்ளே பீங்கானை வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள். அன்று இரவு பீங்கான் காலியாக இருந்தது.

இந்தத் தேரையின் விஞ்ஞானப் பெயர் பொலிபிடேட்ஸ் மகுலாட்டஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் வீடுகளுக்குள் வந்து போகிற மரத்தவளை. விரல் நுனிகளில் வட்டத் தட்டு இருப்பதால் கண்ணாடியிலும் ஏறும். நிறம் வெளுக்கும், கறுக்கும். வரட்சியைத் தாங்க அதற்கு ஒரு வித்தை தெரியும். தோலிலிருந்து சுரக்கும் கொழுப்புக் கலந்த பசையைக் கைகால்களால் உடம்பெல்லாம் தடவிக்கொள்ளும்; ஈரம் வெளியேறுவது குறையும். லில்லிவைட் என்ற அமெரிக்க உயிரியலாளரும் இந்திய ஆய்வாளர்களும் 1997இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கட்டுரையாகப் படித்திருந்த விடயத்தை மூன்றாம் நாள் பின்னேரம் கண்ணால் கண்டேன். முன்கையால் தலையைத் தடவி, பின்காலால் முதுகைத் தடவி, ஒன்றும் விடாமல். பேரன் மெதுவாகச் சொன்னான்: "ஒளு எடுக்குது."

உண்ண வைப்பதற்கு மஹ்ரிபுக்குப் பிந்திய நேரம்தான் சரி. அது இரவுப் பிராணி. வெளி விளக்கடியில் விட்டில் பிடித்தோம், வளவில் வெட்டுக்கிளி பிடித்தோம். இரண்டு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தை விடப் பெரிய இரை வேண்டாம். பூச்சி மருந்து அடித்த வீட்டுக் கரப்பான் கூடவே கூடாது. தின்னாமல் விட்ட வெட்டுக்கிளியை இரவு முழுக்க உள்ளே விட்டுவைக்கவும் கூடாது; அது தேரையைக் கடிக்கும்.

நான்காம் இரவும் தின்னவில்லை. ஐந்தாம் இரவு, சின்ன வெட்டுக்கிளி ஒன்று பூவரசங் கிளையில் ஏறியது. தேரை தலையை மட்டும் திருப்பியது. பிறகு நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவு விரைவு. வெட்டுக்கிளியின் ஒரு கால் மட்டும் வாய்க்கு வெளியே நின்றது. விழுங்கும்போது இரண்டு கண்களும் உள்ளே அமிழ்ந்தன. வலிக்கிறதா என்று கேட்டான். இல்லை, தவளை கண்ணை உள்ளே இழுத்து அதனாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளும் என்றேன். அன்று அவன் இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றான்.

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பிள்ளைக்குத் தேரை விழும், வெளியே போடுங்கள் என்றார். மருந்துக்காகத் தவளையைக் கொல்லலாமா என்று ஒரு மருத்துவர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் வருவதை அவருக்குச் சொன்னேன். கொல்லச் சொல்லவில்லையே, போடத்தானே சொன்னேன் என்றார். நியாயம்தான்.

பேரனுக்கு அபூ உமைரின் கதையைச் சொன்னேன். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி; சிறு பிள்ளை. வளர்த்த குருவி இறந்து வாடியிருந்தபோது நபியவர்கள் அதைப் பற்றியே அவரிடம் செல்லமாக விசாரித்தார்கள். நமது ஷாஃபிஈ மத்ஹபின் இப்னுல் காஸ் என்ற அறிஞர் அந்த ஒரு சிறிய ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து எழுதினார். பிள்ளைகள் பறவை வளர்க்கலாம் என்பதும் அதிலிருந்து எடுக்கப்படும் சட்டம். பிறகு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண்ணின் ஹதீஸையும் சொன்னேன்.

"நாங்க சாப்பாடு குடுக்கிறம்தானே?"

குடுக்கிறோம்தான் என்றேன். வேறு என்ன சொல்ல. விட்டுவிடு என்று நான் சொல்லியிருந்தால் விட்டிருப்பான். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. எங்கோ ஒரு வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுவந்த ஒன்றையும் இங்கே கொண்டுவந்து போட்டாயிற்று என்று அவனுக்குத் தோன்றிவிடக் கூடாது.

ஐப்பசியில் முதல் மழை இஷாவுக்குப் பிறகு பிடித்தது. வளவெல்லாம் தவளைச் சத்தம். அதற்குள்ளே, கதவை விரலால் தட்டுவது போல டக், டக், டக் என்று கிணற்றடியிலிருந்து ஒன்று. உள்ளே மீன் தொட்டியிலிருந்தும் டக், டக் என்று பதில். இவ்வளவு நாளும் அது வாய் திறந்ததில்லை. ஆண்தான் கத்தும், அதனால் எங்களுடையது ஆண் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பேரன் கட்டிலிலிருந்து எழும்பி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நெடுநேரம் இருந்தான். பிறகு நுளம்பு வலையைக் கழற்றினான், என்னைக் கேட்கவில்லை. தேரை உடனே போகவில்லை. சுபஹுக்கு நான் எழும்பியபோது தொட்டியில் இல்லை.

கார்த்திகையில் குளியலறைக்கு வெளியே வைத்திருந்த மழைநீர்ப் பீப்பாயின் உட்சுவரில், நீருக்கு ஒரு சாண் மேலே, சவர்க்கார நுரை போல ஒரு கட்டி தெரிந்தது. இந்த இனம் முட்டையை நுரைக்குள் இடும். குஞ்சுகள் பொரித்து நுரை கரைந்ததும் கீழே தண்ணீரில் விழும். புத்தளத்துத் தேரையினுடையதா, எருக்கலம்பிட்டித் தேரையினுடையதா என்று கேட்டான். பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். மகள் அன்று பீப்பாயைத் தேய்த்துக் கழுவத் தூரிகையோடு வந்தாள். அவன் குறுக்கே நின்றுகொண்டான். குளிக்க வேறு வாளி வைத்தோம்.