தோப்புச் சுள்ளி

மரத்தின் கனியைக் கொண்டாடுவோர் பலர். கவாத்துச் செய்த கிளை யாதாயிற்று என வினவுவோர் மிகச் சிலர். கனிக்கு விலை உண்டு, கிளைக்கு அஃதில்லை. ஆதலின், ஒலிவத் தோட்டங்கள் மலிந்த மத்தியதரைக் கடல் நாடுகளில், வெட்டி வீழ்த்திய கிளைகளைத் தோட்டத்திலேயே குவித்துத் தீயிடுதல் நெடுங்கால வழக்கம். அப்புகையாற் பயன் பெறுவார் ஒருவருமிலர்.

இவ்வழக்கை மாற்ற முயன்ற ஊர்களுள் ஒன்று, தென் இத்தாலியின் சலெந்தோப் பகுதியிலுள்ள கலிமேரா. ஒலிவக் கவாத்துக் கழிவையே எரிபொருளாகக் கொண்டு, 1 மெகாவாட் மின்னாற்றல் தரும் நிலையம் ஒன்று ஆங்கு 2010-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதுபற்றிப் படித்தபொழுது எம்மை வியப்பில் ஆழ்த்தியது உலை அன்று. இத்தகைய நிலையங்களுக்குச் சுள்ளி பொறுக்கித் தரும் எந்திரமே.

கிளைக்குவியல் கண்ணுக்குப் பெரிது, எடைக்குச் சிறிது. அதன் உள்ளெல்லாம் காற்றே. அப்படியே வண்டியில் ஏற்றினால், சுமைகூலி விறகின் விலையை விழுங்கிவிடும். ஆகவே முதற்கண் கிளைகளை மரவரிசைகளுக்கு இடையே நீளமாக ஒதுக்குவர். டிராக்டர் இழுத்துச் செல்லும் எந்திரம் அவற்றைத் தரையினின்று வாரி, சுழலும் சம்மட்டிகளால் நொறுக்கி, பின்னுள்ள தொட்டியில் ஊதித் தள்ளும். கல்லும் மண்ணும் உடன் வாரப்படின் எந்திரம் தேயும்; உலையிற் சாம்பலும் மிகும். பசுங்கிளையில் நீர் மிகுதி. நன்கு உலர்ந்தபின்னரோ, ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 4,000 கிலோகலோரி வெப்பம் தரும். வெறுமனே எரிந்த தீ இவ்வாறு விளக்கேற்றும் தீயாகின்றது. இது நன்றே என்பதில் எமக்கு ஐயமில்லை.

தமிழ் பயிலும் எமக்கு எந்திரத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பர். சுள்ளியோடு எமக்குள்ள உறவு பழையது. எம் ஊர் மாந்தோப்புகளில் கவாத்துக் கிளைகளுக்கு எவரும் தீயிடுவதில்லை. அதற்குள் அவை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எம் பாட்டியாரும் அண்டை வீட்டுப் பெண்டிரும் சும்மாடு கூட்டிச் சுமந்துவரும் கட்டுகள் அவை. பருத்த கிளை தோப்புக்காரருக்கு, விரற்கனச் சுள்ளி பொறுக்குவோருக்கு என்பது அங்கே எழுதாச் சட்டம். எரிவாயு உருளை இன்று எம் வீட்டிலும் உண்டு. எனினும் அது தீர்ந்த நாளிற் சோறாக்கவும், நாள்தோறும் வெந்நீர் காய்ச்சவும் சுள்ளியே துணை. அடுப்புப் புகையாற் பாட்டியார் இருமும் இருமலையும் யாம் அறிவோம். ஆதலின் பழைய அடுப்பைப் புகழ்ந்து பாட யாம் முற்படவில்லை. யாம் வினவுவது பிறிதொன்று: விலையற்றுக் கிடந்தவரை ஏழைக்கு உரியதாயிருந்த சுள்ளி, விலை பெற்ற நாளில் எவருக்கு உரியது? எந்திரத்துக்குப் பருத்த கிளையென்றும் விரற்கனச் சுள்ளியென்றும் வேறுபாடு இல்லையே!

ஒலிவ மரத்தைக் குறித்தே இதற்கு வழிகாட்டும் பழஞ்சட்டம் ஒன்று உண்டு. ஒலிவ மரத்தை ஒருமுறை உதிர்த்தவன் எஞ்சியதைத் தேடி மீண்டும் கிளைகளை உலுக்கலாகாது; அது அயலானுக்கும் பெற்றோரை இழந்தோருக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்று மோசேயின் சட்டம் உபாகமத்தில் விதிக்கின்றது. அச்சட்டம் அறுவடையைத் தடுக்கவில்லை. அறுவடைக்கு ஓர் எல்லை வகுத்தது.

எந்திரத்துக்கும் அத்தகைய எல்லை வேண்டும். அது எம் ஊருக்கும் ஒருநாள் வரலாம், வருக. பொறுக்குவாரின்றித் தீக்கிரையாகும் கிளைகளை அது முழுதும் கொள்க. பொறுக்குவார் உள்ள இடத்திலோ, தோப்பின் ஓர வரிசைகளை அவர்க்கென விட்டுச் செல்க. அன்றேல், நொறுக்கிய விறகின் விலையில் ஒரு பங்கு அவர் வீட்டு எரிவாயுவுக்கு ஆகுக. அங்ஙனமாயின் அடுப்பும் அவியாது, இருமலும் தணியும். கழிவென்று பெயர் பெற்ற பொருளுக்கும் உரியவர் உளர் என்பதை எந்திரம் அறியாது. அதனைச் செலுத்துவோர் அறிதல் வேண்டும்.