கள்ளிமுளையான் கற்பித்த பாடம்

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரக் கரடுகளில் பாறை இடுக்குகளிலும் முட்புதர் நிழலிலும் ஒதுங்கி வளர்வது கள்ளிமுளையான். கள்ளி என்று பெயரே தவிர, முள் கிடையாது. விரல் பருமனுக்கும் குறைந்த, நான்கு பட்டைத் தண்டு. இலையென்று சொல்ல ஏதுமில்லை. எருக்கின் உறவு என்பதை வெடித்த காயிலிருந்து பறக்கும் பஞ்சு விதை காட்டிக்கொடுக்கும். 1795-இல் வில்லியம் ராக்ஸ்பர்க் தாவர நூலில் இதற்கு இடமளித்தார். நம் ஆட்டிடையர்களோ அதற்கு முன்பே இதைக் கடித்துப் பசியாறியவர்கள்.

முதியவர் ஒருவர் இரண்டு தண்டுகள் தந்தார். "சோறு கெடைக்காத நேரத்துல இதைத் தின்னா பசி அடங்கிரும் சாமி" என்றார்.

பங்கு இல்லத்துத் தொட்டியில் எருவிட்டு நட்டோம்; இருவேளையும் நீர் வார்த்தோம். மூன்றாம் வாரம் தண்டு அழுகிச் சரிந்தது. "நீங்க ஊத்துன தண்ணிதான் சாமி கொன்னுட்டு" என்றார் முதியவர்.

மறுமுறை, ஒடித்த தண்டைச் சில நாள் நிழலில் காயவிட்டோம். அடியில் துளையுள்ள தொட்டியில் மணலும் செங்கல் துண்டுகளும் சிறிது மண்ணும் கலந்து நட்டோம். மண் முற்றும் காய்ந்த பிறகே நீர். பிழைத்தது. பகலில் நுண்துளைகளை மூடி, இரவின் குளிரில் மட்டும் திறந்து காற்றை வாங்கும் செடி இது. உள்ள ஈரத்தை வீணாக்காது.

பாலைநிலத்தில் மன்னாவை அன்றைய தேவைக்குமேல் வைத்திருந்தோர் கண்டது புழுவே என விடுதலைப்பயண நூல் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் தொட்டியில் அழுகியதும் அந்த மிகுதியே.

இன்று இதன் சாறு, உடல் மெலிய உதவும் மாத்திரை என்று அயல்நாடுகளிலும் விற்கப்படுகிறது. பசித்தவனுக்குப் பாறை இலவசமாய்த் தந்ததை, பசியே எடுக்கக் கூடாதென்போர் விலைகொடுத்து வாங்குகின்றனர்.

அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்கும் இல்லை. மாதா கெபியின் கற்களிடையே இதனை நிறைய நட ஆசைப்பட்டோம். இளைஞர்கள் சாக்கோடு கரட்டுக்குப் புறப்பட்டனர். "அம்புட்டையும் பிடுங்கிட்டா, அடுத்து வாரவனுக்கு?" என்று முதியவர் கேட்டார். சாக்கு திரும்பியது. நம் தொட்டியிலிருந்தே ஒடித்து ஐந்து தண்டுகள் நட்டோம். மழைக்குப் பின் ஒன்று பூத்தது.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் கேட்பது அன்றாட உணவு மட்டுமே. நாள்தோறும் அதைச் சொல்லியும், நாளைக்கான உணவை அதில் கேட்கவில்லை என்பது ஐம்பது வயதைக் கடந்த பின்பே நமக்கு உறைத்தது.