பெயின்ற் அடிக்காத கடை

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, கிளிநொச்சிப் பக்கம் மாட்டுக்கொட்டில்களிலும் கோடிப்புறங்களிலும் கிடந்த பழைய சைக்கிள்கள் திரும்பத் தெருவுக்கு வந்தன. பழைய றலி சைக்கிள்களைப் பெயின்ற் அடிக்காமலே திருத்திக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறார் என்று நண்பர் சொல்ல, அவரிடம் போனேன்.

தகரக் கொட்டில். கவிழ்த்துவைத்த றலி ஒன்றின் பின் ஹப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். கறுத்த கிறீஸுக்குள்ளிருந்து ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும் 56 என்ற எண்ணும் வெளிவந்தன. ஹப் செய்த வருசத்தை அதிலேயே அடித்துவிடுவார்கள். 1956, நொட்டிங்ஹாம்.

"பாரைப் பாருங்கோ தம்பி" என்றார். சூளையில் சுட்ட கறுப்பு இனாமல், சீற்றுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பிள்ளையை இருத்திக்கொண்டு போன இடம். கரியர் கம்பிகளில் விறகுக் கயிறு அறுத்த தடங்கள். மட்காட்டில் கையால் இழுத்த பொன்கோடு பாதி மிச்சம்.

அவருடைய முக்கிய ஆயுதம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த பழைய ஒரு சதக் காசு. குரோமை விட வெண்கலம் மெது. அதனால் றிம்மில் எண்ணெய் விட்டுக் காசின் விளிம்பால் சுரண்டினால் துரு மட்டும் கழரும், குரோமில் கீறல் விழாது. உப்புத்தாளை அவர் கடைக்குள்ளேயே விடுவதில்லை. தின்னரும் அப்படித்தான், பட்டால் சட்டத்தில் ஒட்டிய நாரைப் படம், றலியின் சின்னம், கரைந்துவிடும். பெயின்ற் போன இடத்துத் துருவை அடியோடு எடுப்பதுமில்லை. பொருக்கை மட்டும் தட்டி, தையல் மெசின் எண்ணெய் தோய்த்த துணியால் திரும்பத் திரும்பத் தேய்க்கிறார். தவிட்டு நிறத்தில் அது இறுகி நிற்கிறது.

போர்க்காலத்தில் எங்களைச் சுமந்தவை இந்தச் சைக்கிள்கள்தான். 1990இல் வடக்கின் மீது தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் இல்லாமல் போயின. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் சாமான்களையும் கிழவர்களையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு இடம்பெயர்ந்தது. 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை போன சைக்கிள்கள் அங்கேயே குவிந்து கிடந்து துருப்பிடித்தன. தப்பி வந்தவற்றின் தேய்மானம் இந்தச் சனத்தின் வரலாறு. அதற்குமேல் பெயின்ற் அடிக்க எனக்கு மனம் ஒப்பாது.

ஆனால் வான் பிடித்து வருகிற வியாபாரிகளுக்கு அது வெறும் இரும்பு. தராசில் தூக்கிப் பழைய இரும்பு விலை கொடுக்கிறார்கள். பிறகு சுரண்டி, மினுங்கப் பெயின்ற் அடித்து, புது நாரை ஒட்டி, 'அன்ரிக்' என்று பல மடங்குக்கு விற்கிறார்கள். அறுபது வருசம் அதை மிதித்த குடும்பத்துக்கும், விடிய விடியத் துடைத்த கைக்கும் அதில் சல்லி கிடையாது. இது வியாபாரமல்ல, பறிப்பு. விற்கத்தான் வேண்டுமென்றால் தராசில் ஏற்றாதீர்கள். ஹப்பின் எண்ணைப் பார்த்து விலை பேசுங்கள்.

பெரியவருக்கும் இதில் கூலி கட்டுபடியாவதில்லை. பெயின்ற் அடித்தால் வேலை கெதியில் முடியும், காசும் கூட. இரண்டு கிழமை மெனக்கெட்டுக் கொடுத்தால், "என்ன ஐயா, மினுங்கேல்லையே?" என்று கேட்டுக் காசைக் குறைக்கிறார்களாம். அந்த 56ஆம் ஆண்டு றலிக்கு உரியவர் மட்டும் பேரம் பேசவில்லை. பாரில் இருந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை அவர்தான்.