மூக்கு வழியே ஒரு குழாய்

ஜூன் 10, 2024, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்த நாள். மறைமலைநகரிலிருந்து வந்த ஐந்து வயதுப் பையன் மட்டும் எங்கள் ஆபரேஷன் தியேட்டர் மேசையில் மயக்க மருந்தின் பிடியில் கிடந்தான். பத்துப் பற்களில் சொத்தை. பல் டாக்டருக்கு வாய் முழுக்க வேண்டும் என்பதால் மூச்சுக்குழாயை மூக்கு வழியாகத்தான் விட வேண்டும். நாலரை சைஸ் குழாய். பாதி தூரத்தில் தடுத்தது. அழுத்தினேன். வழி கிடைத்தது, கூடவே ரத்தமும் வந்தது. உறிஞ்சி எடுத்து, மேகில் இடுக்கியால் நுனியைப் பிடித்துக் குரல்வளைக்குள் செலுத்தினேன். ஆக்சிஜன் அளவு இறங்கவே இல்லை.

வெளியே அம்மா, அவன் மூக்கோரம் ரத்தம் உறைந்திருந்ததைப் பார்த்துவிட்டார். "பல்லுக்குத்தானே மேடம் வந்தோம், மூக்குல ஏன் ரத்தம்?" சில சமயம் அப்படி வரும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

காட்டாங்குளத்தூர் அறை. கடைசி ரயில் போன பிறகும் தூக்கம் வரவில்லை, புத்தகத்தை எடுத்தேன். இந்த வயதில்தான் மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை பெருத்திருக்கும். குழாயின் வெட்டு நுனி அதைச் சீவிவிடும். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக மூக்கு வழியே குழாய் விடும் முறையை வளர்த்தவர் ஐவன் மேகில். நேற்று நான் பிடித்த இடுக்கியின் வடிவம் 1920இல் அவர் தந்தது. இடுக்கி தொண்டைக்குள்தான் உதவும். அதற்கு முந்தைய அந்தச் சில சென்டிமீட்டர் கையின் பொறுமையில்தான் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

நாலு வயதுப் பெண் குழந்தை. இன்று பேராசிரியை பக்கத்திலேயே நின்றார். ரத்தக் குழாய்கள் சுருங்க இரண்டு நாசியிலும் சொட்டு மருந்து. சிஸ்டர் சூடான சலைனில் குழாயை ஊறவைத்துத் தந்தார். விரலில் சுற்றினால் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு இளகியிருந்தது. பிறகு ஜெல் தடவி, குழாய் நுனியைச் சிவப்பு ரப்பர் கதீட்டரின் அகன்ற வாய்க்குள் செருகினோம். மெத்தென்ற ரப்பர் முன்னே போக, வெட்டு நுனி மறைந்தபடி பின்னே வந்தது.

"மேல்நோக்கித் தள்ளாதம்மா. மூக்கோட தரையை ஒட்டி நேரா பின்னாடி போ. தடுத்தா அழுத்தாத, அடுத்த மூக்கைப் பாரு."

தொண்டையில் தெரிந்த கதீட்டரை வாய் வழியே இழுத்துக் கழற்றினேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெறும் சில நிமிடக் கூடுதல் வேலை! திங்களன்று அந்த நிமிடங்களை நான் அவனுக்குத் தரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பையன் மறுபரிசோதனைக்கு வந்தான். மூக்கு சுத்தமாக இருக்கிறது. அவன் அம்மாவிடம், அன்று நான் அழுத்தியதால்தான் ரத்தம் வந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இப்பவாவது சொன்னீங்களே மேடம்" என்றார். பையன் வாயைத் திறந்து உலோக உறை போட்ட கடைவாய்ப் பற்களைக் காட்டினான், அடுத்த வாரம் வகுப்பில் எல்லோருக்கும் காட்டப் போகிறானாம்.