பாபிலோனுக்குப் போன கடிதம்



டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் நம்முடைய சபைகளில் வாக்குத்தத்த அட்டைகள் கொடுக்கப்படுவதை அறிவீர்கள். தாம்பாளத்தில் இருக்கும் அட்டைகளில் ஒன்றை ஜெபத்தோடு எடுத்து, அதிலுள்ள வசனத்தை அந்த ஆண்டுக்கென்று கர்த்தர் தந்த வார்த்தையாகப் பெற்றுக்கொள்ளுகிறோம். அவற்றில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தேவன் தம்முடைய ஜனத்தைக் குறித்து நன்மையையே எண்ணுகிறார் என்று அறிவிக்கும் வசனம் அது. ஒருவேளை உங்கள் வீட்டுச் சுவரிலும் அது இருக்கக்கூடும். திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், 2020-ஆம் ஆண்டின் அட்டையாக அதுவே வந்து சேர்ந்தது.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை நம்மைப்போல ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிறவர்கள் சற்று நின்று பார்க்கவேண்டும். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, எகொனியா ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களுக்கே எருசலேமில் இருந்த எரேமியா இதை எழுதினார். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்களான எலெயாசா, கெமரியா என்னும் இருவரின் கையில் கடிதம் போயிற்று. பிற்காலத்தில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்துசேர நான்கு மாதம் சென்றது என்று எஸ்றா 7:9 காட்டுகிறது. அப்படியானால் இந்தக் கடிதத்துக்காக அந்த ஜனங்கள் எத்தனை நாள் காத்திருந்திருப்பார்கள்!

அவர்கள் எதிர்பார்த்தது திரும்பிவரும் நாளை. கடிதத்தில் இருந்ததோ வேறு. வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடவும், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவைக்கவும், தாங்கள் இருக்கும் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபிக்கவும் கட்டளை வந்தது. பத்தாம் வசனத்தில் 70 வருஷக் கணக்கு வருகிறது. நம்முடைய அட்டையில் அச்சாகும் பதினோராம் வசனம் அதற்குப் பிறகே வருகிறது. முப்பது வயதில் சிறைப்பட்டுப் போனவன் அந்த முடிவைக் கண்ணால் காணமாட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் தேவன் நன்மையை எண்ணினார். இது எளிதில் ஜீரணமாகிற செய்தியல்ல.

எங்கள் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். என் சொந்த ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். 2009-இல் சித்தூரில் மாங்கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் எடைமேடைக் கணக்கராகச் சேர்ந்தேன். மே மாதம் தொடங்கி ஜூலை வரை தோத்தாபுரிக் காய் ஏற்றிய டிராக்டர்கள் இரவும் பகலும் வரிசையில் நிற்கும். மற்ற மாதங்களில் வேலை குறைவு. சித்தூரில் மொழி எங்களுக்குத் தொல்லையாக இருக்கவில்லை. 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவுக்கே தலைநகராயிருந்த ஊர் அது. கடைவீதியில் இன்றைக்கும் தமிழ் செல்லும். ஐந்து வருஷத்துக்குப் பின் அந்த ஆலையில் சம்பளம் நின்றுபோயிற்று. பாக்கியைக் கேட்டு நடந்து ஓய்ந்த பிறகு, பாகாலா வழியாகப் போகும் ரயிலில் மூட்டை முடிச்சுகளோடு திருப்பதிக்கு வந்தோம். ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கொர்லகுண்டாவில் வீடு. மகளைத் தெலுங்கு வழிப் பள்ளியில் சேர்த்தோம்.

பிறகு 2020 மார்ச் மாதம் வந்தது. 20-ஆம் தேதி மலைமேல் தரிசனம் நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு அறுபதினாயிரம் பேருக்குக் குறையாமல் வந்துபோகும் ஊர் ஒரே வாரத்தில் வெறிச்சோடிற்று. பொதுமக்களுக்கு மறுபடியும் தரிசனம் திறந்தது ஜூன் 11-ஆம் தேதி, அதுவும் மிகக் குறைந்த எண்ணிக்கையில். விடுதிகள், ஆட்டோக்கள், இட்லிக் கடைகள், மொட்டை அடிப்பவர்கள், பூக்கட்டும் பெண்கள் எல்லாருடைய அடுப்பும் அந்த யாத்திரிகர்களை நம்பியே எரிந்துகொண்டிருந்தது. என் அடுப்பும் அப்படியே. ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம். ஜூலையில் அதுவும் இல்லை.

ஊரிலிருந்து மாமா தொலைபேசியில் அழைத்தபடியே இருந்தார். "மாப்பிள்ளை, இனி அங்கே என்ன இருக்கிறது? புறப்பட்டு வந்துவிடுங்கள்" என்பார். போகலாமா, இருக்கலாமா? ஊருக்குப் போனால் வீட்டு வாடகை மிச்சம். மகளின் பத்தாம் வகுப்பு பாதியில் நின்றுவிடும். இருந்தால் கடன் ஏறும். அந்த நாட்களில் வெளியூர் ஊழியர் ஒருவர் கைப்பேசியில் நடந்த ஜெபக்கூட்டத்தில் எங்களைப் பேர்சொல்லி அழைத்து, மூன்று மாதத்துக்குள் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பிவரும் என்று தீர்க்கதரிசனம் உரைத்தார். கேட்கிறபோது நெஞ்சு குளிர்ந்தது உண்மை.

என் மனைவி மறுநாள் காலை ஜெபத்தில் எரேமியாவின் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்தாள். அங்கே ஆசூரின் குமாரனாகிய அனனியா நிற்கிறான். இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயத்தின் பணிமுட்டுகளும் ராஜாவும் ஜனங்களும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பேரைச் சொல்லியே அறிவித்தவன் அவன். எரேமியா முதலில் அவனுக்கு ஆமென் சொல்லுகிறார்! அப்படியே ஆகட்டும் என்று அவருக்கும் ஆசைதான். ஆனாலும் சமாதானத்தைச் சொல்லுகிற தீர்க்கதரிசி, அது நிறைவேறும்போதே அறியப்படுவான் என்று பொறுமையாகச் சொல்லி, தம் வழியே போகிறார். அனனியா அந்த வருஷமே இறந்துபோனான். அதற்குப் பிறகு அவள் 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தாள். அந்த ஊழியரைக் குறித்து அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஏழாம் வசனம் வந்தபோது மகள் தன் தெலுங்கு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் 'சமாதானம்' என்றிருக்கும் இடத்தில் தெலுங்கில் 'க்ஷேமமு' என்று இருக்கிறது. எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஷாலோம். சமாதானம் என்றவுடன் நமக்கு மனநிம்மதி நினைவுக்கு வருகிறது. க்ஷேமம் என்பதோ தெருவில் பார்த்தவுடன் விசாரிக்கும் சொல்: வீட்டில் எல்லாரும் நலமா, சாப்பாட்டுக்கு இருக்கிறதா என்று கேட்பது. கொர்லகுண்டாவில் அந்த மாதங்களில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லக்கூடியவர்கள் எங்கள் தெருவில் அதிகம் பேர் இல்லை.

யாத்திரிகர்கள் வருவதால் பிழைக்கும் ஊருக்காக ஒரு விசுவாசி ஜெபிக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் சபையிலும் கேட்டார்கள். திருப்பதியை நான் பாபிலோனுக்கு ஒப்பிடவில்லை. எங்களை யாரும் சங்கிலி போட்டு இங்கே கொண்டுவரவில்லை, இந்த ஊர் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் பாபிலோனிலும் மர்துக்கின் பெரிய கோவில் நடுவில் நின்றது. தங்கள் ஆலயத்தைக் கொள்ளையிட்டவர்களின் பட்டணத்துக்காகவே அந்த ஜனங்கள் மன்றாடும்படி சொல்லப்பட்டார்கள். நமக்குச் சொல்லப்பட்டிருப்பது அதைவிட எவ்வளவோ எளிது. அன்றுமுதல் குடும்ப ஜெபத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரையும், கீழ்வீட்டில் பூக்கட்டும் அக்காவையும் பேர்சொல்லி ஜெபித்தோம். வீட்டுக்காரம்மா இரண்டு மாத வாடகையைப் பின்னால் தரும்படி சொன்னார். மொட்டை மாடியில் மண் நிரப்பிய பெயின்ட் டப்பாக்களில் அவரும் என் மனைவியும் சேர்ந்து கீரையும் அவரையும் போட்டார்கள். தோட்டம் போடும் கட்டளைக்கு எங்களால் முடிந்த கீழ்ப்படிதல் அவ்வளவுதான்.

நாங்கள் தங்கினோம். எல்லாரும் தங்கவேண்டும் என்பது என் எண்ணமல்ல. எங்கள் சபையின் ஒரு குடும்பம் அந்த ஆகஸ்டில் ஆம்பூருக்கே திரும்பிற்று. அவர்களை வழிநடத்தியது ரூத்தின் புத்தகம். பெத்லகேமில் ஆகாரம் உண்டென்று கேள்விப்பட்டு நகோமி புறப்பட்ட பகுதி. அவர்களும் முழங்காலில் நின்று வாசித்தே போனார்கள், இப்போது நன்றாகவே இருக்கிறார்கள்.

எரேமியாவின் கடிதத்தைப் பெற்ற தலைமுறை என்ன ஆயிற்று? 2014-இல் லாரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் என்னும் இரு அறிஞர்கள் பாபிலோனிய நாட்டுக் களிமண் பலகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வெளியிட்டார்கள். கி.மு. 572 முதல் 477 வரையிலானவை அவை. 'யூதாவின் ஊர்' என்ற பொருள்படும் ஆல்-யாகூது என்னும் கிராமம் அவற்றில் வருகிறது. குத்தகைச் சீட்டு, வாற்கோதுமைக் கடன், பேரீச்சம்பழ விளைச்சல், வரி கட்டிய ரசீது என்று எல்லாம் சில்லறைக் கணக்குகள். எடைமேடையில் சீட்டெழுதிய எனக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தங்கள் பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய நாமத்தை உட்கொண்ட பெயர்களை வைத்துக்கொண்டு, அந்நிய மண்ணில் பயிர்செய்து, கடன் வாங்கி, கடன் அடைத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

தானியேலும் அந்தச் சிறையிருப்பில் முதிர்வயதானவர். ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் எரேமியாவின் எழுபது வருஷத்தைப் புத்தகங்களிலிருந்து கண்டறிந்து, உடனே உபவாசத்தோடு ஜெபிக்க உட்காருகிறார். கோரேசு ராஜா திரும்பிப்போக உத்தரவிட்டபோது தானியேல் எருசலேமுக்குப் போனதாக வேதம் சொல்லவில்லை.

விடுதி 2021-இல் என்னை மறுபடியும் அழைத்தது, முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. மூன்று மாதத்தில் எதுவும் இரட்டிப்பாகவில்லை. கடன் தீர நாலரை வருஷம் ஆயிற்று. மகள் நர்சிங் முடித்து இந்த ஊரிலேயே வேலை பார்க்கிறாள். தெலுங்கு வேதாகமத்தில்தான் வாசிக்கிறாள். சென்ற மாதம் கீழ்வீட்டு அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இரவில் உடனிருந்தவள் அவளே.